வாத்தியாரின் பின்னூட்டங்கள்

அன்புள்ள மாப்ளே,

நலம்தானே? இங்கே எல்லோரும் நலம். முதுகு வலி பற்றிக் கேட்டிருந்தாய், இப்போது பரவாயில்லை.

நான்கு மாதமாகப் பதில் போடாததற்கு நீ எவ்வளவு திட்டினாலும் தகும். "மறுபடி எழுதப் போகிறேன், எந்தத் தளத்தில் எழுதலாம்?" என்று ஒரே வரியில் கேட்டிருந்தாய். இரண்டு நாளில் பதில் எழுதியிருப்பேன். ஆனால் உன் மெயில் வந்த அதே வாரம்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. என் பழைய வலைப்பூ இருந்த தளத்தையே மூடிவிட்டார்கள். மூடப்போகிறோம் என்ற அறிவிப்பு, நான் பல வருடமாகத் திறக்காத ஒரு மெயில் முகவரிக்குப் போயிருக்கிறது. நான் போய்ப் பார்த்தபோது ஒரு பக்கமும் இல்லை. பதினோரு வருட எழுத்து, மாப்ளே.

கட்டுரைகளில் பாதிக்கு மேல் கணினியில் இருந்தன. மற்றவற்றை, பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் ஒவ்வொரு முகவரியாகப் போட்டுத் தேடினேன். சில கிடைத்தன, பெரும்பாலும் படங்கள் இல்லாமல். பதிவுகளுக்குக் கீழே வாசகர்கள் எழுதிய பின்னூட்டங்கள்தான் அடியோடு போய்விட்டன. நம் வாத்தியார் எழுதியது எல்லாமே அங்கேதானே இருந்தது. தனக்கென்று ஒரு வலைப்பூ திறக்கச் சொல்லி நாம் எத்தனை முறை கெஞ்சியிருப்போம்! "உன் திண்ணை இருக்கும்போது எனக்கெதற்குத் தனி வீடு" என்று சொல்லிவிட்டு, என் பதிவுக்குக் கீழே என் பதிவைவிட நீளமாக எழுதுவார். அவர் போய் ஆறு வருடம் ஆகிறது. அந்தத் திண்ணையை நான் பத்திரமாக வைத்திருந்திருக்க வேண்டும்.

எது பார்க்க அழகு, எதில் எழுதுவது சுலபம் என்றெல்லாம் நீ அப்புறம் பார்த்துக்கொள். நீ டெம்ப்ளேட் மாற்றுவதிலேயே மூன்று மாதம் ஓட்டுகிற ஆள் என்று எனக்குத் தெரியும். முதலில் அந்த இடத்தைவிட்டு வெளியே வர வாசல் இருக்கிறதா என்று பார். எழுதியதை மொத்தமாக இறக்கிக்கொள்ள முடியுமா, அந்தக் கோப்பை வேறொரு தளம் ஏற்றுக்கொள்ளுமா, பின்னூட்டமும் கூடவே வருமா என்று கேள். தளங்கள் மூடுவது ஒன்றும் அபூர்வமில்லை. ஜியோசிட்டீஸை 2009-இல் மூடினார்கள். 2008-இல் வந்த போஸ்டரஸை 2012-இல் ட்விட்டர் வாங்கியது, அடுத்த ஏப்ரலில் அது இல்லை. காசு கட்டினால் நிலைக்கும் என்று நினைக்காதே. டைப்பேட் காசு வாங்கிக்கொண்டு 2003-இலிருந்து ஓடிய தளம்தான், 2025 செப்டம்பரோடு அதுவும் முடிந்துபோனது.

உன் பழைய பிளாக்கருக்கே திரும்பலாமா என்று கேட்டால், தாராளமாகத் திரும்பு. 1999-இல் தொடங்கியது, 2003-இல் கூகுள் வாங்கியது, இன்னும் இலவசமாக ஓடுகிறது. பதிவுகளையும் பின்னூட்டங்களையும் இறக்கிக்கொள்ளலாம், வேர்ட்பிரஸில் ஏற்றவும் வழி உண்டு. ஆனால் புதிதாக அதில் எதுவும் பெரிதாகச் செய்யக் காணோம். வலைப்பூக்களை ஒரே இடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடரை 2013-இல் மூடினார்கள், சமூக வலைத்தளமான கூகுள் பிளஸை 2019-இல் மூடினார்கள். பிளாக்கரில் கூகுள் பிளஸ் வழியாகப் பின்னூட்டம் வாங்கியவர்களுக்கு அந்தப் பின்னூட்டங்கள் எல்லாம் அதோடு போயின. வாத்தியாரை நினைத்துக்கொண்டு அந்தச் செய்தியை இப்போது படித்தால் வயிறு எரிகிறது.

வேர்ட்பிரஸ் என்றால் இரண்டு உண்டு, குழப்பிக்கொள்ளாதே. ஒன்று அவர்களே இடம் தருவது. இன்னொன்று, 2003-இலிருந்து இருக்கும் அந்தக் கட்டற்ற மென்பொருளை நீயே ஒரு சர்வரில் நிறுவிக்கொள்வது. இரண்டாவதில் முழுச் சுதந்திரம், ஆனால் அப்டேட், ஸ்பேம், பேக்கப் எல்லாம் உன் தலையில். மாதம் ஒரு மணி நேரம் அதற்கு ஒதுக்க முடியும் என்றால் மட்டும் போ. அதிலிருந்து எக்ஸ்போர்ட் செய்யும் கோப்பில் எழுத்தும் பின்னூட்டமும்தான் இருக்கும், படங்கள் இருக்காது. புதிய தளம் அவற்றைப் பழைய இடத்திலிருந்து இழுத்துக்கொள்ளும். பழைய இடம் உயிரோடு இருக்கும்போதே குடிமாறிவிட வேண்டும்.

மீடியம் எனக்கு ஒத்துவரவில்லை. எழுதும் பக்கம் கண்ணுக்கு இதமாக இருக்கும், அதை மறுக்கவில்லை. பிளாக்கரைத் தொடங்கியவர்களில் ஒருவரான எவன் வில்லியம்ஸ்தான் 2012-இல் அதையும் தொடங்கினார். ஆனால் 2017-இல் உறுப்பினர் கட்டணம் வந்ததிலிருந்து, அங்கே போகிற வாசகர் அடிக்கடி மூடிய கதவில் முட்டிக்கொள்கிறார். சப்ஸ்டாக்கை நீ யோசிக்கலாம். எழுதியதும் வாசகரின் மெயிலுக்கே போய்விடும். இலவசமாகக் கொடுத்தால் அவர்களுக்கு ஒன்றும் தர வேண்டாம், சந்தா வைத்தால் 10 சதவீதம் எடுத்துக்கொள்வார்கள். அதில் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று: சந்தாதாரர்களின் மெயில் பட்டியலை எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு கிளம்பலாம். கோஸ்ட் ஒரு லாப நோக்கற்ற அமைப்பு நடத்துவது, சந்தாவில் பங்கு கேட்பதில்லை, ஆனால் இடத்துக்கு மாதா மாதம் கட்ட வேண்டும்.

நம் நண்பன் 'கண்ணாடி' உன்னிடம் "பேஸ்புக்கிலேயே எழுதிடு, ஆயிரம் பேர் பார்ப்பான்" என்று சொல்லியிருப்பான். என்னிடமும் சொன்னான். போன வருடம் அவன் எழுதிய நல்ல கட்டுரை ஒன்றை அவனாலேயே இப்போது தேடி எடுக்க முடியவில்லை. சொந்த இடத்தில் எழுது, சுட்டியையும் இரண்டு பத்தியையும் அங்கே போடு. வருகிறவர்கள் வரட்டும்.

எந்தத் தளமானாலும் சரி, உன் பெயரில் ஒரு டொமைன், அதாவது சொந்த இணைய முகவரி, வாங்கிவிடு. மற்றதில் எல்லாம் உன் இஷ்டம், இதில் மட்டும் நான் சொல்வதைக் கேள். தளத்தை நாளைக்கு மாற்றினாலும் முகவரி மாறாது, பழைய சுட்டிகளும் உடையாமல் பார்த்துக்கொள்ளலாம். பிளாக்கரிலேயே இருந்தாலும் சொந்த டொமைனை இணைக்கலாம், பழைய முகவரிக்கு வருகிறவர்களை அதுவே புதியதற்கு அனுப்பிவிடும். பதிவு உன் பெயரில், நீ தினமும் திறக்கும் மெயிலில் இருக்க வேண்டும். வடிவமைத்துத் தருகிற தம்பியின் பெயரில் வேண்டாம். புதுப்பிக்க மறந்தால் வேறு யாராவது வாங்கிவிடுவார்கள். பத்து வருடத்துக்குச் சேர்த்தே கட்ட முடியும், கட்டிவிடு.

தமிழில் எழுதுகிறவனுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. தமிழ்த் தலைப்பு வைத்தால் பிளாக்கர் முகவரியில் வெறுமனே 'பிளாக் போஸ்ட்' என்று போட்டு ஓர் எண்ணைத் தருகிறது. வேர்ட்பிரஸிலோ தலைப்பிலுள்ள ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் முகவரியில் ஒன்பது எழுத்தாக விரிந்து, மொத்தம் இருநூறைத் தொட்டதும் பாதியில் அறுந்துபோகிறது. வெளியிடும் முன்பே முகவரியைச் சின்னதாக ஆங்கில எழுத்தில் நீயே கொடு. பிறகு மாற்றவே மாற்றாதே. இதைச் செய்திருந்தால் வேபேக் மெஷினில் நான் இத்தனை இரவுகள் உட்கார்ந்திருக்க வேண்டாம். என் பழைய முகவரிகளிலும் வெறும் எண்தான், எந்த எண் எந்தக் கட்டுரை என்று தெரியாமல் குத்துமதிப்பாகத்தான் தேடினேன்.

புதிய பதிவுகளை வாசகரின் செயலிக்கு அனுப்பும் ஓடையை (RSS) முழுப் பதிவோடு திறந்து வை. கூகுள் ரீடர் போனாலும், வேறு செயலிகளில் ஓடை வழியாகப் படிக்கிறவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். அவர்கள்தான் நின்று படிக்கிறவர்கள்.

நான் மறுபடி தொடங்கிவிட்டேன். சொந்த டொமைன், வேர்ட்பிரஸ். மாதம் முதல் ஞாயிறு பேக்கப், ஒரு பிரதி ஹார்ட் டிஸ்கில், ஒரு பிரதி என் தங்கையிடம். இதுவரை 140 பதிவுகளைத் திரும்ப ஏற்றியிருக்கிறேன். ஒவ்வொன்றின் கீழும் பின்னூட்டப் பெட்டி காலியாக இருக்கிறது. அதைப் பார்க்கும்போதுதான் மனசு என்னவோ செய்கிறது.

ஒரு உதவி வேண்டும். என் பதிவுகளில் நீ பின்னூட்டம் போடும்போதெல்லாம், "அடுத்து வரும் பின்னூட்டங்களை மெயிலில் அனுப்பு" என்ற கட்டத்தை டிக் செய்துவிடுவாய். மெயில் பெட்டி நிரம்பி வழிகிறது என்று என்னைத்தான் திட்டுவாய். அவற்றை நீ அழிக்காமல் விட்டிருந்தால் வாத்தியாரின் எழுத்தெல்லாம் உன் பழைய மெயிலில்தான் இருக்கும். அவர் பெயரைப் போட்டுத் தேடிப் பார். அவர் யூனிகோடுக்கு மாற முரண்டு பிடித்த காலத்தில் டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்தில் எழுதியது புரியாத எழுத்துகளாகத் தெரியும், குப்பை என்று அழித்துவிடாதே. அப்படியே அனுப்பு, நான் மாற்றிக்கொள்கிறேன்.

ஒன்றிரண்டு கிடைத்தாலும் போதும். இன்றைக்கே தேடு.

அன்புடன்,
உன் பக்கத்து பெஞ்சு