ரீஃபர் ட்ரெய்லர் ஓட்டும் மகனுக்கு

அன்புள்ள கண்ணா,

சரக்கைக் குளிரில் வைத்துக் கொண்டுபோகும் ரீஃபர் ட்ரெய்லர் உன் பொறுப்பில் வந்திருப்பதாக எழுதியிருந்தாய். மிகவும் சந்தோஷம். முதலில் ஒன்றை மனதில் பதித்துக்கொள். முன்பக்கம் மாட்டியிருக்கும் குளிரூட்டும் யூனிட், சூடான சரக்கைக் குளிர வைக்கச் செய்த இயந்திரம் இல்லை. சுவர், கூரை, கதவு இடுக்கு வழியாக உள்ளே வரும் வெப்பத்தை வெளியேற்றும் அளவுக்குத்தான் அதற்குத் திறன். -18°C-ல் வர வேண்டிய உறைந்த சரக்கு -10-ல் வந்து ஏறினால், பயணம் முழுக்க ஓடினாலும் சரக்கு அடுக்கிய மரத்தட்டான பேலட்டின் நடுப்பகுதி சரியாகாது. அதனால் ஏற்றும்போதே ஊசி முனை கொண்ட புரோப் தெர்மாமீட்டரை அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே செருகிப் பார். பழமென்றால் சதைக்குள்ளேயே செருகு. யூனிட்டின் திரை காட்டுவது காற்றின் வெப்பம், சரக்கின் வெப்பம் அல்ல.

முன்பெல்லாம் வண்டியைக் குளிர வைக்கப் பனிக்கட்டியும் உப்பும்தான். பனி உருகினால் சரக்கு கெட்டது, உப்பு நீர் வண்டியை அரித்தது. 1938-ல் அமெரிக்காவின் மினியாபொலிஸில் ஃபிரெடெரிக் மெக்கின்லி ஜோன்ஸ் லாரிக்கான குளிரூட்டும் யூனிட்டை உருவாக்கினார். ஜோசப் நியூமெரோவோடு அவர் தொடங்கிய நிறுவனம்தான் பிறகு தெர்மோ கிங் ஆனது. ஆரம்பத்தில் யூனிட் வண்டியின் அடியில் இருந்தது. சாலைச் சேறும் குலுக்கலும் அதைப் பாடாய்ப் படுத்தின. அதனால்தான் முன்பக்கச் சுவரின் உச்சிக்கு ஏறியது, இன்றும் அங்கேயே இருக்கிறது.

சுவரின் கனத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். உள்ளே 1.2 மீட்டர் பேலட் இரண்டு அருகருகே நிற்க வேண்டும். வெளியே சட்டம் அனுமதிக்கும் அகலத்தைத் தாண்டக் கூடாது. மிச்சமிருக்கும் சில சென்டிமீட்டரில்தான் வெப்பத்தைத் தடுக்கும் பாலியூரித்தேன் நுரை. ஐரோப்பாவில் மற்ற ட்ரெய்லர்களுக்கு 2.55 மீட்டர், ரீஃபருக்கு மட்டும் 2.60 என்று விட்டுக்கொடுத்ததே இதற்காகத்தான். பேலட்டைத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் முனை உள்சுவரில் ஒரு துளை போட்டால் நுரைக்குள் ஈரம் இறங்கும். ஈரமான நுரை கனக்கும், குளிரையும் காக்காது. துளையை அன்றே அடைக்கச் சொல்.

நான் பார்த்த மட்டில், பெரும்பாலான புகார்களுக்குக் காரணம் காற்று போகும் பாதைதான். யூனிட் ஊதும் காற்று கூரையை ஒட்டித் தொங்கும் துணிக்குழாய் வழியாகப் பின்கதவு வரை போகிறது. அங்கிருந்து இறங்கி, டி வடிவ அலுமினியத் தரையின் பள்ளங்கள் வழியாக முன்சுவருக்குத் திரும்புகிறது. இந்தச் சுற்றில் எங்கே அடைத்தாலும் கேடுதான். துணிக்குழாய் கிழிந்தால் காற்று பாதியிலேயே இறங்கித் திரும்பிவிடும். முன்வரிசை உறையும், பின்வரிசை சூடாகும், திரையோ எல்லாம் சரி என்று காட்டும். தரைப் பள்ளத்தில் கிடக்கும் பிளாஸ்டிக் தாள், மரச்சிம்பு, இதற்கு மேல் அடுக்கக் கூடாது என்று கூரையருகே போட்ட கோட்டைத் தாண்டிய பெட்டி, பின்கதவை அழுத்தி நிற்கும் பேலட் எல்லாமே இதே வேலையைச் செய்யும். உறைந்த சரக்கை நெருக்கமாக அடுக்கலாம், காற்று அதைச் சுற்றிப் போனால் போதும். காய்கனி மூச்சு விட்டு வெப்பம் உண்டாக்கும், அதனால் காற்று பெட்டிகளுக்கு ஊடாகவும் புக வேண்டும். யூனிட் விட்டுவிட்டு ஓடும் முறையை உறைந்த சரக்குக்கு வை. காய்கனிக்குத் தொடர்ந்து ஓடட்டும். வாழைப்பழத்தை 13°C-க்குக் கீழே இறக்காதே, தோல் கறுத்துப் போகும்.

ஏற்றுவதற்கு முன் கதவை மூடி, உள்சுவர் குளிரும் வரை யூனிட்டை ஓட்டு. பிறகு நிறுத்திவிட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டும். ஓடவிட்டுத் திறந்தால் விசிறி வெளியிலிருக்கும் ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். அது காற்றைக் குளிர வைக்கும் எவாப்பரேட்டர் காயிலில் பனியாகப் படியும். பனி மூடிய காயில் வழியே காற்று போகாது, பனியை உருக்கும் டீஃப்ராஸ்ட் அடிக்கடி வரும், டீசலும் வீணாகும். கதவு விளிம்பின் ரப்பர் கேஸ்கெட் கிழிந்திருந்தாலும் இதே கதைதான். உள்ளே நின்று கதவை மூடச் சொல். எங்காவது வெளிச்சம் தெரிந்தால் அங்கே காற்றும் புகும். தரை வடிகால் துளைகளின் ரப்பர் மூடிகளையும் பார்த்துவிடு, அவை கழன்று போயிருப்பதை யாரும் கவனிப்பதில்லை.

யூனிட்டுக்குத் தனி டீசல் டேங்க் என்பது தெரிந்திருக்கும். லாரி டேங்க் நிரம்பியிருக்கிறதே என்று இதை விட்டுவிடாதே. டீசல் தீர்ந்து நின்றால் டீசல் குழாயில் காற்று ஏறிவிடும். மீண்டும் ஊற்றினாலும் காற்றை வெளியேற்றாமல் எஞ்சின் பிடிக்காது. விடுமுறை நாளில் சரக்கோடு நிறுத்தி வைக்கும்போது டீசல் அளவுகாட்டியை நீயே போய்ப் பார்.

சாப்பாட்டு நேரம் தவற விடாதே.

அன்புடன்,
அப்பா