பக்கவாட்டில் வைத்து எடு

அன்புள்ள கண்ணா,

நீ கேட்டபடி, அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் வீடியோவை இன்று அனுப்பியிருக்கிறேன். போன தடவை கால் படத்தில் விழவில்லை என்றாயே, இந்தத் தடவை தலை முதல் பாதம் வரை தெரிகிறது. ஸ்டூலில் புத்தகங்களை அடுக்கி, அவர் இடுப்பு உயரத்துக்குப் போனைச் சாய்த்து வைத்தேன். தொளதொள பைஜாமாவில் முட்டி மறையும் என்று அரை டிரவுசர் போடச் சொன்னதற்கு ஒரு சண்டை.

கை இரண்டையும் மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்கார்ந்தார். 14 வினாடி. 15ஐத் தாண்டினால்தான் கீழே விழுகிற பயம் அதிகம் என்று நீ சொன்னாய் அல்லவா, அவருக்கு ஒரே சந்தோஷம். எனக்கு நிம்மதியில்லை. கடைசி இரண்டு முறையும் நன்றாக முன்னால் குனிந்து, உடம்பை வீசித்தான் எழுந்தார். நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். நீ அனுப்பிய 2023ஆம் வருஷத்து அமெரிக்க ஆய்விலும் இதுதானே இருந்தது? 405 பேர் வீட்டிலேயே எடுத்த வீடியோக்களில், மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் எழும்போது அதிகம் குனிந்தார்கள் என்று. அதைப் படித்ததிலிருந்து யார் எழுந்தாலும் என் கண் முதுகுக்குத்தான் போகிறது.

போன ஞாயிறு பேசும்போது சார்ஜர் எடுக்க எழுந்தாயே, ஏன் மேசையைப் பிடித்துக்கொண்டாய்? இடது காலை ஊன்றவேயில்லை. சட்டென்று போனைத் திருப்பிவிட்டாய். அதற்கப்புறம் முகத்தை மட்டும்தான் காட்டுகிறாய்.

எங்களுக்கு இத்தனையும் பொறுமையாகச் சொல்லித்தர உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் உன் உடம்பைப் பற்றி மட்டும் உன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வருவதில்லை. கேட்டால் வேலை என்கிறாய்.

நீயும் ஒன்று எடுத்து அனுப்பு. கைப்பிடி இல்லாத நாற்காலி, சுவரோடு ஒட்டிப் போடு, நழுவக்கூடாது. வலித்தால் அதோடு நிறுத்திவிடு, ஐந்து முறை ஆகவேண்டும் என்றில்லை. போனைப் பக்கவாட்டில் வை, முகம் தெரியாவிட்டால் பரவாயில்லை, முட்டி தெரியவேண்டும். வீடியோ பார்த்து நான் வைத்தியம் சொல்லப்போவதில்லை. டாக்டரிடம் காட்ட உதவும், அவ்வளவுதான். அப்பாவிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கிவிட்டாயா என்று மட்டும் இன்றைக்கே எழுது. வீடியோவைப் பக்கவாட்டில் எடு.

அம்மா