எட்டாம் கேள்விக்கு அந்த ஒரு மதிப்பெண்

பதினொன்றாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வின் வேதியியல் வினாத்தாள் குழுவினருக்கு,

வணக்கம். எட்டாம் கேள்வியைப் பற்றித்தான். நடந்தது உங்களுக்கே தெரியும். ஆங்கிலத்தில் எலக்ட்ரோநெகட்டிவிட்டி அதிகமுள்ள தனிமம் எது என்று கேட்டீர்கள். பக்கத்திலேயே தமிழில் 'எலக்ட்ரான் நாட்டம்' என்று அச்சிட்டீர்கள். விடைக்குறிப்பில் இரண்டுக்கும் ஃபுளூரின்.

எலக்ட்ரோநெகட்டிவிட்டிக்குத் தமிழ் எலக்ட்ரான் கவர்தன்மை: பிணைப்பிலுள்ள எலக்ட்ரான்களைத் தன்பக்கம் இழுக்கும் திறன். அது என்றால் ஃபுளூரின் சரி. நாட்டம் என்பது தனி அணு ஓர் எலக்ட்ரானை ஏற்கும்போது வெளிவரும் ஆற்றல். அது என்றால் குளோரின். ஃபுளூரினுக்கு மோலுக்கு 328 கிலோஜூல், குளோரினுக்கு 349. தனிம அட்டவணையின் ஒரு தொகுதியில் மேலே போனால் நாட்டம் கூடும் என்று மனப்பாடம் செய்து வைத்திருந்த பிள்ளைகளை அதிலிருந்து மீட்க எனக்கு ஒரு பீரியட் முழுக்கப் போனது. ஃபுளூரின் அணு ரொம்பச் சின்னது. வெளிக்கூட்டில் ஏழு எலக்ட்ரான்கள் ஏற்கெனவே நெருக்கியடித்து நிற்கின்றன; எட்டாவதாக வருவதை அவை விலக்குவதால் வெளிவரும் ஆற்றல் குறைகிறது. குளோரினில் கொஞ்சம் தாராளமான இடம். ஆக்சிஜனுக்கு 141, கந்தகத்துக்கு 200. அங்கேயும் இதே கதைதான்.

என் மாணவி ஒருத்தி குளோரினைத் தேர்ந்தெடுத்து, யாரும் கேட்காமலே ஓரத்தில் பென்சிலால் 'ஃபுளூரினில் இடம் இல்லை' என்று குறித்திருந்தாள். உங்கள் குறிப்பைப் பார்த்து அதன்மேல் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டவன் நான். "அப்போ நீங்க நடத்தினது தப்பா சார்?" என்றாள்.

எட்டாம் கேள்விக்கு மதிப்பெண் கொடுங்கள் என்று கேட்டபோது, ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்று பதில் வந்தது. ஐயம் யாருக்கு? தமிழ்வழியில் படிக்கிற பிள்ளை தமிழ்க் கேள்வியைப் படித்து, அதற்குச் சரியான விடையை எழுதியிருக்கிறது. ஆங்கிலம்தான் இறுதி என்றால் தமிழில் அச்சிடுவானேன்? காகிதமாவது மிச்சமாகும். காலாண்டுத் தேர்வில் ஆங்கில 'பேஸ்' என்பதற்குக் காரம் என்று வரவேண்டிய இடத்தில் 'அடித்தளம்' என்று வந்தது. ஆசிரியர் அறையில் சிரித்துவிட்டு விட்டுவிட்டோம். அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும்.

சரி, கொஞ்சம் சூடாகிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான். தமிழில் குளோரின் என்று எழுதிய எல்லோருக்கும் எட்டாம் கேள்விக்கான ஒரு மதிப்பெண்ணை வழங்கச் சொல்லி, தயவுசெய்து ஒரு திருத்தம் அனுப்புங்கள். விடைத்தாள்களை இன்னும் கட்டி வைக்கவில்லை.

இப்படிக்கு,
ஒரு முதுகலை வேதியியல் ஆசிரியர்