பெயர் சொல்லக் கூடாது என்ற பக்கத்து வீட்டு அக்காவுக்கு நன்றி

நாகர்கோவிலில் எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவரும் வீடுகளுக்கெல்லாம் முதல் வாரமே வந்து நிற்கும் அக்காவுக்கு இந்த நன்றி.

கடையில் மிளகு என்று கேட்டால் மிளகாய் வத்தலை நீட்டுவார்கள், நல்லமிளகு என்று கேட்கணும் என்பது உங்கள் முதல் பாடம். வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்த மண், பேச்சில் அந்த மலையாள வாடை இருக்கத்தானே செய்யும்!

அடுத்தது மரச்சீனி, அதாவது மரவள்ளிக்கிழங்கு. மேல்தோலோடு உள்ளே இருக்கும் தடித்த வெள்ளைத் தோலையும் உரித்துவிடணும். நிறைய தண்ணீரில் மூடி போடாமல் நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடணும். கிழங்கிலிருக்கும் சயனைடு நஞ்சு தண்ணீரோடும் ஆவியோடும்தான் வெளியே போகும். கசந்தால் மொத்தத்தையும் தூக்கிப் போடு, புளி விட்டு மறைக்காதே என்பீர்கள். ஒரு கிலோவுக்கு அரைமூடித் தேங்காய், நாலு பச்சைமிளகாய், நாலு பல் பூண்டு, அரை ஸ்பூன் சீரகம், துளி மஞ்சள். ஒன்றிரண்டாக அரைத்தால் போதும், மையாக அரைத்தால் பசையாகிவிடும். வெந்த கிழங்கோடு சேர்த்துச் சூட்டோடு மசிக்கணும், ஆறினால் கட்டி தட்டும். தொட்டுக்கொள்ளச் சாளை மீன் (மத்தி) குழம்பு. வேறு எதுவும் சரிவராது.

குழம்பு வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது, நாலு மட்டி வாழைப்பழமாவது வைக்கணும் என்றீர்கள். அந்தப் பாத்திரம் இப்போது நாலு வீடு சுற்றுகிறது, யாருடையது என்றே தெரியவில்லை.

மாடி வீட்டுக்குப் போன வாரம் ஒரு குடும்பம் வந்திருக்கு அக்கா. உங்கள் வீட்டைக் காட்டிவிட்டோம், கோபிக்காதீங்க.