எங்கள் சுவரொட்டிகளைத் திருத்தித் தந்தவர்களுக்கு

அன்புடையீர்,

வணக்கம். மார்ச் மாதக் கணக்கை முடித்து, ஏடுகளை ஆடிட்டரிடம் ஒப்படைத்த கையோடு இந்த மடலை எழுதுகிறேன். மதுரையில் நாங்கள் நடத்திவரும் வடிவமைப்புக் கூடம் மிகச் சிறியது. எண்ணெய்ப் புட்டி லேபிள், கடைப் பெயர்ப்பலகை, கல்யாணப் பத்திரிகை ஆகியவற்றால் வரும் வருமானத்தில் வாடகையும் சம்பளமும் கொடுத்துவிட்டு, மீதி நேரத்தில் மருத்துவம், வேளாண்மை, கூலி உரிமை சார்ந்த சுவரொட்டிகளையும் கையேடுகளையும் கட்டணமின்றியோ அடக்க விலைக்கோ செய்து தருகிறோம். சென்ற ஆண்டு அப்படிச் செய்தவற்றுள் ஊருக்கு மிகவும் பயன்பட்டது பாம்புக்கடி முதலுதவிச் சுவரொட்டி என்றே நான் நினைக்கிறேன். அது சரியாக அமையக் காரணமானவர்களுள் வடிவமைப்பு படித்தவர் ஒருவர்கூட இல்லை. ஆகவேதான் இந்த நன்றியை எல்லோரும் அறியச் சொல்ல விரும்புகிறேன்.

பாம்புக்கடியை உலகச் சுகாதார நிறுவனம் 2017ஆம் ஆண்டில்தான் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. இந்தியாவில் 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் சுமார் 12 லட்சம் பேர் பாம்பு கடித்து இறந்திருப்பார்கள் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர். இவர்களுள் பெரும்பாலோர் கிராமத்தில் வாழ்ந்தவர்கள். தமிழ்நாட்டு அரசு 2024இல் பாம்புக்கடியை, மருத்துவமனைகள் அரசுக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக ஆக்கியது. அதற்குப் பிறகுதான் மேலூர்ப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் பணிபுரியும் கிராம சுகாதாரச் செவிலியர் எங்கள் கூடத்துக்கு வந்து, தம் பகுதிக்கென்று ஒரு சுவரொட்டி வேண்டும் என்று கேட்டார். நன்றியை அவரிடமிருந்தே தொடங்குகிறேன். பேருந்தேறி வந்து கேட்டதோடு அவர் நின்றுவிடவில்லை. நாங்கள் வரைந்த ஒவ்வொரு மாதிரியையும் தம் பையில் வைத்துக்கொண்டு, வீடு வீடாகப் போகும்போது காட்டி, யார் என்ன சொன்னார்கள் என்பதை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிக்கொண்டு வந்து தந்தார்.

அடுத்து, நூறு நாள் வேலைத் தளத்தில், மதிய இடைவேளையில், எங்களுக்காக உட்கார்ந்து அந்த மாதிரிகளைப் பார்த்த பெண்களுக்கு. இத்தகைய சுவரொட்டிகளில் வழக்கமாகச் செய்வதுபோல, கடிவாய்க்கு மேலே கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது ஆகிய மூன்றையும் தனித்தனியே வரைந்து, ஒவ்வொன்றின் மேலும் சிவப்பில் பெருக்கல் குறி இட்டிருந்தோம். அவர்களுள் எழுத்து வாசிக்காத மூத்தவர் ஒருவர் கயிறு கட்டும் படத்தில் விரல் வைத்து, "இப்படிக் கட்டணும்னு போட்டிருக்கீங்க, சரிதான், எங்க அப்பா காலத்திலயும் இப்படித்தான் கட்டுவாக" என்றார். பெருக்கல் குறியை அவர் கயிற்றின் முடிச்சாகப் பார்த்திருந்தார். பக்கத்தில் இருந்தவர்களும் மறுக்கவில்லை.

மோதிரம், வளையல், மெட்டி, கொலுசு ஆகியவற்றை உடனே கழற்ற வேண்டும் என்ற இன்னொரு படத்தைப் பார்த்து ஒரு பெண் சொன்னதும் அதே அளவுக்கு முக்கியமானது. "கழட்டுன்னு மட்டும் போட்டா யாரு மெட்டியக் கழட்டுவா? ஏன்னு எழுதுங்க" என்றார் அவர். மெட்டியைக் கழற்றும் தயக்கம் எங்கள் மேசையில் யாருக்கும் தோன்றக்கூடியதன்று. 'கையும் காலும் வீங்கும். வீங்கிய பின் நகையைக் கழற்ற முடியாது. அது சதையை இறுக்கும்' என்று இப்போது சுவரொட்டியில் இருக்கும் வரி அவர் கேட்டதால் வந்தது. அன்றைய ஓய்வு நேரத்தை எங்களுக்குக் கொடுத்த அத்தனை பேருக்கும் மனமார்ந்த நன்றி.

சிவகாசியில் எங்கள் வேலைகளை அச்சிடும் ஆப்செட் அச்சகத்தின் மிஷின்மேன் அண்ணாச்சிக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது. புரூஃபை, அதாவது மாதிரி அச்சை, கையில் வாங்கிப் பார்த்தவர், இதை எங்கே ஒட்டப் போகிறீர்கள் என்று கேட்டார். ரேஷன் கடைச் சுவர், பேருந்து நிழற்குடை, களத்துமேடு என்று சொன்னோம். அச்சில் சிவப்பு என்பது மஞ்சள் மையும் மெஜந்தா என்ற கருஞ்சிவப்பு மையும் சேர்ந்து வருவது; வெயில் படும் சுவரில் அந்த இரண்டும்தான் முதலில் வெளுக்கும் என்றும், கறுப்பும் சயான் என்ற நீலமும் அதற்குப் பிறகும் நிற்கும் என்றும் சொல்லி, இந்தச் சிவப்பு போய்விட்டால் சுவரில் என்ன மிஞ்சும் என்று நினைத்துப் பாருங்கள் என்றார். கயிறு கட்டும் படமும் கீறும் படமும் தெளிவாக இருக்கும். கூடாது என்ற குறி மட்டும் இருக்காது. வேலைத் தளத்தில் அந்த மூத்தவர் சொன்னதும் அச்சகத்தில் இவர் சொன்னதும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன. அதன்பின், செய்யக்கூடாதவற்றை வரைவதையே விட்டுவிட்டோம். பதறாமல் உட்கார வைப்பது, நகையைக் கழற்றுவது, கடிபட்ட கையையோ காலையோ மட்டை வைத்து அசையாமல் தாங்குவது, 108ஐ அழைத்து நேராக மருத்துவமனைக்குக் கொண்டுபோவது ஆகியவை மட்டுமே இப்போது படங்களாக இருக்கின்றன. கூடாதவை எழுத்தில், கறுப்பில், கீழே இருக்கின்றன.

அந்த எழுத்தைப் பற்றியும் அவர் ஒன்று சொன்னார். கரும்பச்சைப் பட்டையின் மேல் வெள்ளை எழுத்தாக இருந்ததை வெள்ளைத் தாளின் மேல் கறுப்பு எழுத்தாக மாற்றச் சொன்னார். மேப்லித்தோ என்ற, பளபளப்புப் பூச்சில்லாத சாதாரணத் தாளில் மை சற்றுப் பரவும். வெள்ளையாக விட்ட சிறு புள்ளிகள் அடைபட்டுப் போகும். தமிழில் புள்ளி போனால் மெய்யெழுத்தே போகிறது. வண்ண அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி பிளேட் உண்டு. கறுப்பு எழுத்தை ஒரே பிளேட்டில் வைத்ததால் நான்கு நிறமும் சரியாக ஒன்றன்மேல் ஒன்று சேர வேண்டும் என்ற கவலையும் இல்லாமல் போனது. இவ்வளவையும் மெஷின் ஓடும் சத்தத்துக்கு நடுவே, வேறு வேலையை நிறுத்திவைத்துவிட்டு அவர் எங்களுக்கு விளக்கினார்.

உள்ளடக்கத்தைச் சரிபார்த்துத் தந்த அரசு மருத்துவருக்கும் நன்றி. கட்டுவிரியன் கடித்தால் வலியோ பல் தடமோ தெரியாமலேகூட இருக்கலாம் என்பதையும், இரவில் தரையில் படுத்து உறங்கியவர் விடியலில் வயிற்றுவலி என்றாலோ இமை தொங்கினாலோ பாம்புக்கடியை நினைக்க வேண்டும் என்பதையும் தனிக்கட்டமாகப் போட வேண்டும் என்று வற்புறுத்தியவர் அவர்தான்.

எங்களை அறியாதவர்கள் சிலருக்கும் இங்கே நன்றி சொல்ல வேண்டும். சுவரொட்டியின் எழுத்துரு முக்த மலர். மும்பையைச் சேர்ந்த ஏக் டைப் குழுவினர் அதை உருவாக்கி, எவரும் காசின்றிப் பயன்படுத்தும் திறந்த உரிமத்தில் வெளியிட்டிருக்கிறார்கள். படங்களை வரைந்தது இங்க்ஸ்கேப் என்ற கட்டற்ற மென்பொருளில். எழுத்துருவுக்கும் மென்பொருளுக்கும் உரிமத் தொகை கட்ட வேண்டியிருந்தால், எங்களைப் போன்ற கூடம் இலவச வேலை எதையும் ஏற்க முடியாது. அதேபோல், 1978இல் தொடங்கி, இப்போது மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் இயங்கிவரும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார், நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் எடுத்துத் தருவதால்தான் நச்சுமுறிவு மருந்து தயாராகிறது. மருத்துவமனைக்கு வாருங்கள் என்று எங்கள் சுவரொட்டி சொல்வதற்குப் பின்னால் அவர்களுடைய கைகள் இருக்கின்றன.

காசைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய தொகையை 45 நாட்களுக்கு மேல் நிறுத்திவைக்கக் கூடாது என்று 2006ஆம் ஆண்டின் சட்டமே சொல்கிறது. நடைமுறையில் அதைக் கேட்டு வாங்குவது எளிதன்று. எங்கள் வாடிக்கையாளர்களான மரச்செக்கு எண்ணெய்க்கடைக்காரர், சுங்குடிச் சேலை வியாபாரி, நாட்டு விதை விற்கும் தம்பதியர் ஆகியோர் வேலை தொடங்கும்போதே பாதித் தொகையைக் கொடுத்து, முடிந்த அன்றே மீதியையும் செலுத்தினார்கள். அவர்களுடைய நேர்மையால் சம்பளத் தேதி தவறவில்லை. சம்பளத் தேதி தவறியிருந்தால் சுவரொட்டிக்கான வாரங்களை நாங்கள் வேறு வேலைக்கு விற்றிருப்போம். இதை அவர்கள் அறிந்திருக்க மாட்டார்கள் என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன். வாடகையை இந்த ஆண்டும் உயர்த்தாத வீட்டுக்கார அம்மாவுக்கும், இரவு நேர வேலைகளைப் பொறுத்துக்கொண்ட எங்கள் வீட்டாருக்கும் நன்றி.

சுவரொட்டியின் மூலக் கோப்பை எந்த ஊராட்சியும் பள்ளியும் வாங்கி, தங்கள் பகுதி மருத்துவமனையின் பெயரைச் சேர்த்து அச்சிட்டுக்கொள்ளலாம். எங்களிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அடுத்த அச்சு ஆடிப்பட்டத்துக்கு முன்னால் வரவேண்டும் என்று செவிலியர் கேட்டிருக்கிறார். வரப்பில் இரவில் மடை திறக்கப் போகிறவர்களுக்கென்று டார்ச்சும் செருப்பும் பற்றிய ஒரு படத்தைப் புதிதாகச் சேர்க்கிறோம். அதன் மாதிரியைப் பார்த்துக் குறை சொல்ல விரும்புகிறவர்கள் வைகாசி முடிவதற்குள் சொன்னால், அச்சுக்குப் போகும் முன் திருத்திவிடலாம்.

நன்றியுடன்,
வடிவமைப்புக் கூடத்தார் அனைவர் சார்பிலும்,
மதுரை.