எங்கள் வார்டு எப்படி வாக்களித்தது? மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கு வேலூரிலிருந்து ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மாநிலத் தேர்தல் ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். வேலூர் மாநகராட்சி மாமன்றத்தின் ஐந்தாண்டுக் காலம் 2027 மார்ச் மாதத் தொடக்கத்தில் முடிகிறது. அடுத்த தேர்தலுக்காக வாக்காளர் பட்டியல், வாக்குச்சாவடிப் பட்டியல், இட ஒதுக்கீட்டு அறிவிக்கை ஆகியவற்றை ஆணையம் வெளியிடும்போது, கூடவே இன்னோர் ஆவணத்தையும் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மடலை எழுதுகிறேன். ஒரு வார்டில் இன்று அடங்கியுள்ள தெருக்கள் முந்தைய தேர்தல்களில் எந்தெந்த வார்டுகளில் இருந்தன, அங்கே யார் யார் போட்டியிட்டார்கள், யாருக்கு எத்தனை வாக்குகள் விழுந்தன, எத்தனை பேர் வாக்களித்தார்கள், அந்த இடம் பொதுவா, பெண்களுக்கா, பட்டியலினத்தவருக்கா என்பவற்றைச் சொல்லும் வாக்கு வரலாற்றுப் பதிவேடு அது. 60 வார்டுகளுக்கும் அது வேண்டும்.

இது எங்கள் ஊரில் ஏன் கூடுதலாகத் தேவைப்படுகிறது என்பதற்குக் காரணம் உண்டு. 1866-இல் நகராட்சியான வேலூர், 2008 ஆகஸ்ட் 1 அன்று மாநகராட்சியானது. 2011-இல் சத்துவாச்சாரி, தாராபடவேடு, அல்லாபுரம் உள்ளிட்ட சுற்றுப்பகுதிகள் அதனோடு இணைக்கப்பட்டு, காட்பாடியிலிருந்து செண்பாக்கம் வரை நான்கு மண்டலங்களும் 60 வார்டுகளும் கொண்ட மாநகராட்சி உருவானது. பிறகு, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொண்டு, 2017-இல் அமைக்கப்பட்ட மறுவரையறை ஆணையத்தின் வழியாக வார்டு எல்லைகள் மீண்டும் வரையறுக்கப்பட்டன. ஆகவே சத்துவாச்சாரியில் வீடு மாறாமல் குடியிருக்கும் ஒருவர், 2006-இல் சத்துவாச்சாரி நகராட்சிக்கும் 2011-இல் வேலூர் மாநகராட்சிக்கும் 2022-இல் மறுவரையறை செய்யப்பட்ட வார்டுக்கும் வாக்களித்திருக்கிறார். அவருடைய வாசற்படி நகரவில்லை. அவர் வாக்களித்த அமைப்பும் வார்டும்தான் மாறிக்கொண்டே இருந்தன. வார்டு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு பழைய முடிவுகளைப் புரட்டினால், வேறு தெருக்களின் வரலாற்றைத் தன் வரலாறு என்று அவர் படிக்க நேரும். எனவே பதிவேட்டின் முதல் பக்கம் வாக்கு எண்ணிக்கையாக இருக்கக் கூடாது. பழைய வார்டையும் புதிய வார்டையும் தெரு வாரியாக இணைத்துக் காட்டும் அட்டவணையாக இருக்க வேண்டும். இந்த வேலையை மாநகராட்சியின் துணையோடு ஆணையம் மட்டுமே செய்ய முடியும்.

இரண்டாவது காரணம், தேர்தலே நடக்காமல் போன ஆண்டுகள். 2016 அக்டோபரில் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தலுக்கான அறிவிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதே மாதத்தில் மாமன்றத்தின் காலம் முடிய, நிர்வாகம் தனி அலுவலரிடம் சென்றது. அடுத்த வாக்குப்பதிவு 2022 பிப்ரவரி 19 அன்றுதான் நடந்தது. ஐந்தாண்டுக்கு ஒரு முறை தேர்தல் என்று அரசமைப்புச் சட்டத்தின் 243-யு பிரிவு சொல்லியிருந்தும், ஒரு முழுப் பதவிக்காலத்துக்கும் மேலாக எந்த வார்டுக்கும் கவுன்சிலர் இல்லை. ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் வேலூர் தேர்வானது 2016 செப்டம்பரில், அதாவது மாமன்றம் கலைவதற்கு ஒரு மாதம் முன்பு. தெருவைத் தோண்டுவதும் மூடுவதுமாக இருந்த அந்த ஆண்டுகளில், கேள்வி கேட்பதற்கு வார்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர் இல்லை. இந்த வெற்றிடமும் வார்டின் வாக்கு வரலாற்றைச் சேர்ந்ததே. பதிவேட்டில் 2011-க்கு அடுத்த வரியாக 2022 வந்துவிடக் கூடாது. இடையில் தேர்தல் நடக்கவில்லை என்பதும் அதற்கான காரணமும் ஒரு வரியாவது இடம்பெற வேண்டும்.

2011-இல் மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள்; ஒரு வாக்கு மேயருக்கு, ஒரு வாக்கு கவுன்சிலருக்கு. 2022-இல் கவுன்சிலர்கள் கூடி மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆக, மாநகராட்சியைப் பொறுத்தவரை வாக்காளரிடம் இன்று இருப்பது ஒரே வாக்கு. அந்த ஒரு வாக்கும் 7, 8 ஆகிய வார்டுகளின் வாக்காளர்களுக்குக் கிடைக்கவில்லை. அங்கே வேட்பாளர்கள் போட்டியின்றித் தேர்வானதால் வாக்குப்பதிவு நடக்கவில்லை. உள்ளாட்சித் தேர்தலில் நோட்டாவும் இல்லை என்பதால், ஒருவரே எஞ்சினால் மறுப்பைப் பதிவு செய்யவும் வழியில்லை. போட்டியின்றித் தேர்வாவது சட்டப்படி சரியே. அதைக் குற்றமாக நான் சொல்லவில்லை. ஆனால் அத்தகைய வார்டுகளின் பதிவேட்டில் ‘போட்டியின்றி’ என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடாமல், எத்தனை பேர் மனு செய்தார்கள், எத்தனை மனுக்கள் தள்ளுபடியாயின, எத்தனை திரும்பப் பெறப்பட்டன என்ற விவரமும் இருந்தால்தான் அங்கே உள்ளவர்களுக்குத் தங்கள் வாக்கு எப்படி இல்லாமல் போனது என்பது புரியும்.

இதற்கு நேர்மாறான நிகழ்வும் அதே தேர்தலில் நடந்தது. 37-வது வார்டில் திருநங்கை கங்கா நாயக் வெற்றி பெற்று மாமன்றத்துக்குச் சென்றார். நாளை எல்லைகள் மீண்டும் மாறி, 37 என்ற எண் வேறு தெருக்களுக்குப் போய்விட்டால், அவரைத் தேர்ந்தெடுத்த தெருக்கள் எவை என்பதை அடுத்த தலைமுறை எங்கே போய்த் தேடும்?

வார்டு விவரங்களை யாருமே தொகுத்து வைத்துக்கொள்வதில்லை என்று நினைத்தால் அது தவறு. 2019-இல் வேலூர் மக்களவைத் தொகுதியின் தேர்தல், பணம் கைப்பற்றப்பட்டதை அடுத்து, வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு, ஏப்ரல் 16 அன்று ரத்து செய்யப்பட்டது. பிறகு ஆகஸ்ட் 5 அன்று நடந்து, 8,141 வாக்கு வித்தியாசத்தில் முடிவானது. அது இந்தியத் தேர்தல் ஆணையத்தின் பொறுப்பில் நடந்த தேர்தல், தங்கள் ஆணையத்துக்கு அதில் பங்கில்லை என்பதை அறிவேன். ஆனால் அப்போது கைப்பற்றப்பட்ட பணம் வார்டு வாரியாகக் குறிப்பெழுதிக் கட்டப்பட்டிருந்ததாக வந்த செய்தியை இந்த ஊர் மறக்கவில்லை. வாக்குக்கு விலை பேசுகிறவர்கள் வார்டின் கணக்கைத் துல்லியமாக வைத்திருக்கிறார்கள். வாக்களிப்பவர்தான் தன் வார்டைப் பற்றி ஒன்றும் அறியாமல் வரிசையில் நிற்கிறார். கட்சிகளின் முகவர்கள் வாக்கு எண்ணும் மேசையருகே அமர்ந்து குறித்துக்கொள்ளும் எண்கள் வாக்காளருக்கும் ஒழுங்கான வடிவில் கிடைப்பதில் என்ன தடை இருக்க முடியும்?

ஒரு தடை உண்டு. அதை நானே சொல்லிவிடுகிறேன். வேட்பாளர் பெற்ற வாக்குகளை வாக்குச்சாவடி வாரியாக வெளியிட்டால், எந்தத் தெரு யாருக்கு வாக்களித்தது, எந்தக் காலனி யாரைக் கைவிட்டது என்பது வெளிப்படையாகத் தெரிந்துவிடும். சட்டமன்றத் தொகுதி பெரிது, வார்டு சிறிது. சில வாக்குச்சாவடிகளே கொண்ட ஒரு வார்டில், தோற்றவரோ வென்றவரோ ஒரு தெருவின் குடிநீர்க் குழாயை வைத்துப் பழிதீர்க்க முடியும். வாக்குச்சாவடிகளின் வாக்குகளைக் கலந்து எண்ண வேண்டும் என்று சட்ட ஆணையம் 2015-இல் தன் 255-வது அறிக்கையில் பரிந்துரைத்ததும் இந்த அச்சத்தினால்தான். ஆகவே வேட்பாளர் வாரியான வாக்குகளை வார்டு அளவில் மட்டும் தந்தால் போதும். வாக்குச்சாவடி அளவில், பதிவான வாக்குகளை ஆண், பெண், மூன்றாம் பாலினத்தவர் என்று பிரித்துத் தரலாம். யார் யாருக்கு வாக்களித்தார் என்பது யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. யார் வாக்களிக்க வரவில்லை என்பது, பெயரின்றி, எல்லோருக்கும் தெரிய வேண்டும்.

வராதவர்களின் எண்ணிக்கை நகரங்களில் சிறியதன்று. 2022-இல் பேரூராட்சிகளில் 74.68 விழுக்காடும் நகராட்சிகளில் 68.22 விழுக்காடும் வாக்குப்பதிவு இருந்தபோது, மாநகராட்சிகளில் அது 52.22 விழுக்காடுதான். வேலூரில் ஒரு வார்டின் சராசரி மக்கள்தொகை, பழைய கணக்கெடுப்பின்படியே 8,000-க்கு மேல். இத்தனை சிறிய களத்தில் சில தெருக்கள் வீட்டிலேயே இருந்துவிட்டால் முடிவு மாறிவிடும். சட்டமன்றத் தேர்தலிலேயே, 2021-இல் காட்பாடித் தொகுதியின் முடிவு 746 வாக்குகளில் தீர்மானமானதைப் பார்த்த ஊர் இது.

1996, 2001, 2006, 2011, 2022 ஆகிய தேர்தல்களின் விவரங்கள் இந்தப் பதிவேட்டில் வேண்டும். பின்னர் இணைந்த பகுதிகளுக்கு அவற்றின் பழைய நகராட்சி, பேரூராட்சி முடிவுகளே சேர வேண்டும். பதிவேடு தமிழில், எழுத்துகளைத் தேடிப் படிக்கத்தக்க கோப்பாக இருக்க வேண்டும்; சாய்ந்தும் மங்கியும் எடுத்த ஒளிநகல்களை இணையத்தில் ஏற்றுவதால் பயனில்லை. மண்டல அலுவலகங்களில் ஒரு படி பார்வைக்கு வைக்கப்பட்டு, வார்டின் மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைக் கூட்டங்களிலும் அந்தந்த வார்டின் பக்கம் வாசிக்கப்பட வேண்டும். வரைவுப் பதிவேட்டை வார்டு வாக்காளர் பட்டியலுக்கு முன்பே வெளியிட்டு, பிழை சுட்டிக்காட்ட 30 நாள் அவகாசம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சத்துவாச்சாரி வாக்காளர் ஒருவர்

நகல்: ஆணையாளர், வேலூர் மாநகராட்சி