பழைய எச்சரிக்கையை நீக்குவது யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சாலையோரக் கருவிகள் வானலை வழியே வாகனங்களுக்கு அனுப்பும் பாதுகாப்பு எச்சரிக்கைகளை ஓட்டுநர்கள் பொருட்படுத்துவதில்லை என்றும், அதற்கு அவர்களுடைய பிடிவாதமே காரணம் என்றும் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரை கூறுகிறது. அந்த எச்சரிக்கைகளைப் பெற்றுத் திரையில் காட்டும் கருவி பொருத்திய வாகனத்தை இரண்டு ஆண்டுகளாக ஓட்டி வருபவன் நான். கட்டுரையாளர் சொல்வதில் முதல் பாதி உண்மைதான். காரணத்தைத்தான் என்னால் ஏற்க இயலவில்லை.

நான் அன்றாடம் செல்லும் வழியில் ஒரு வளைவு உண்டு. அங்கே சாலைப் பணி நடந்த நாள்களில், 'முன்னே பணியாளர்கள், வேகத்தைக் குறைக்கவும்' என்ற எழுத்து திரையில் ஒளிரும். கூடவே மூன்று முறை பீப் ஒலிக்கும். திரும்பினால் சொன்னபடியே தடுப்புக் கூம்புகளும் கொடி அசைப்பவரும் இருப்பார்கள். கருவியின் மீது எனக்கு மரியாதை வந்தது அப்போதுதான். ஆனால் பணி முடிந்து கூம்புகளை அள்ளிச் சென்ற பிறகும், வாரக்கணக்கில் அதே எச்சரிக்கை அதே இடத்தில் வந்துகொண்டிருந்தது. முதலில் சில நாள் பிரேக்கில் கால் வைத்தேன். பின்னால் வந்தவர் ஹாரன் அடித்தார். பிறகு ஒலியைக் குறைத்தேன், கடைசியில் அணைத்தேவிட்டேன். 'புலி வருது, புலி வருது' கதையில் ஓடி வராத ஊராரை யாரும் பிடிவாதக்காரர்கள் என்று திட்டுவதில்லை.

ஒரு தொழில்நுட்பம் பயன் தரும், கையாள எளிது என்ற இரு எண்ணங்களே மக்கள் அதை ஏற்பதற்கு அடிப்படை என்று தகவல் தொழில்நுட்ப ஆய்வாளர் ஃபிரெட் டேவிஸ் 1989இல் முன்வைத்த கருத்தைக் கொண்டே இத்துறையில் பலர் ஓட்டுநர்களை அளக்கிறார்கள். அது அலுவலகக் கணினியை மனத்தில் வைத்து உருவான கருத்து. காலை பிரேக்குக்குக் கொண்டுபோக வைப்பது இவ்விரண்டும் அல்ல, சொன்னவர் மீதுள்ள நம்பிக்கை.

நேரமும் முக்கியம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் எச்சரிக்கையைப் புரிந்துகொண்டு பிரேக்கை மிதிக்க ஒன்றரை நொடி எடுத்துக்கொண்டால், அதற்குள்ளேயே 25 மீட்டர் ஓடியிருப்பார்; ஆகவே தாமதமாக வரும் எச்சரிக்கையால் பயனில்லை. அரைக் கிலோமீட்டருக்கு முன்பே சொன்னாலோ, இடத்தை அடைய அரை நிமிடம் ஆகும். அதற்குள் மனம் வேறெங்கோ போய்விடும்.

கண்ணுக்கு எட்டாததை மட்டும் சொல்லும் எச்சரிக்கையின் கதை வேறு. டோக்கியோ பெருநகர விரைவுச்சாலையின் சங்குபாஷி வளைவில் 2005இல் நடந்த சோதனையில், வளைவுக்கு அப்பால் நின்றுவிட்ட வண்டிகளை உணரிகள் கண்டறிய, வளைவை நெருங்கிக்கொண்டிருந்த ஓட்டுநருக்கு அச்செய்தி போய்ச் சேர்ந்தது. வளைவைக் கடந்ததுமே அவர் அதைத் தம் கண்ணால் சரிபார்த்துக்கொள்ள முடியும். என் வளைவிலும் தொடக்கத்தில் நடந்தது அதுதான்.

என் வேகத்தை யாரோ குறித்துக்கொள்கிறார்களோ என்ற ஐயமும் சிலருக்கு உண்டு. எது பதிவாகிறது, எது பதிவாவதில்லை என்று வெளிப்படையாக எழுதி வைத்தாலே அது பெருமளவு தணியும்.

எச்சரிக்கையைச் சாலையோரக் கருவியில் ஏற்றும் முறையை விரிவாக எழுதிய கட்டுரையாளர், பணி முடிந்ததும் அதை நீக்க வேண்டியவர் யார், எத்தனை மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும், 'இங்கே ஒன்றுமில்லை' என்று ஓட்டுநர் திருப்பிச் சொல்ல வழி உண்டா என்பவற்றையும் அடுத்த இதழில் எழுதினால் நன்றாயிருக்கும்.

இங்ஙனம்,
தங்கள் வாசகர்